ஊர் முதலில், பெயர் பிறகு

எங்கள் ஊர் நூலகத்தில் முதல் ரத்தம் ஒரு நாற்காலிக்காகச் சிந்தியது. ரத்தம் என்னுடையது. அடித்தவன் பூஸியான். ஓய்வு பெற்ற கசாப்புக்காரன், எழுபத்தாறு வயது, கையில் ஆலிவ் மரத்தடி. நாற்காலி கேஸ் ஹீட்டரை ஒட்டிக் கிடந்தது. ஜனவரியில் எங்கள் ஊர் வாதி ஸித்ராவுக்கு மலையிலிருந்து இறங்கும் காற்று ஒரு கிழவனையும் விட்டுவைக்காது. அந்த நாற்காலியில் நான் முதலில் துண்டைப் போட்டிருந்தேன். அவன் அதைத் தூக்கித் தரையில் எறிந்தான். நான் அவன் தொப்பியைத் தட்டிவிட்டேன். அவன் தடியை ஓங்கி என் நெற்றியில் போட்டான்.

"செத்துத் தொலைடா பஸ்காரா!"

"நீ உக்காருடா. திரும்ப எந்திரிக்கவே கூடாதுன்னு உக்காரு!"

நூலகர் ஹஸீபா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். முப்பது வயது நிரம்பாத பெண். என் நெற்றியில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் மாமா, எழுபது தாண்டியும் இப்படியா? இது லைப்ரரியா ஆட்டுச் சந்தையா?"

"ஆட்டுச் சந்தையில ஒரு ஒழுங்கு இருக்கும் மகளே," என்றான் பூஸியான், தடியைத் துடைத்தபடி.

அந்த ஹீட்டரை வைத்ததே அவள்தான். அதுவரை நூலகத்துக்கு நாலு மாணவர்களும் ஒரு பூனையும்தான் வந்துகொண்டிருந்தார்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு எதற்குச் சம்பளம் என்று மேலிடத்தில் கேட்கும் முன்பே அவள் முந்திக்கொண்டாள். ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்ப் படலைத் தட்டி, "செவ்வாய்க்கிழமை பெரியவங்களுக்கு. டீ உண்டு, சூடு உண்டு, பேப்பர் படிச்சுச் சொல்லுவோம், டோமினோ ஆடலாம், எழுத்துத் தெரியாதவங்க எழுத்துப் படிக்கலாம்" என்று சொன்னாள். நாங்கள் சூட்டுக்காகப் போனோம். புத்தகத்துக்காகப் போனோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அன்றைய சண்டையை விலக்கிவிட்டவர் ஸி தாயெப். 'ஸி' என்பது எங்கள் பக்கத்து 'ஐயா'. எங்களுக்கெல்லாம் சற்று இளையவர், அறுபத்தெட்டு இருக்கும். மூன்று வருடம் முன்பு கிழக்கிலிருந்து வந்து மகள் வீட்டில் தங்கியவர். நல்ல கண், நல்ல எழுத்து. எங்கள் கூட்டத்தில் கண்ணாடி போடாமல் பத்திரிகை படிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஆனால் அப்போதெல்லாம் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்ததால் பத்திரிகையைத் தான் படிக்காமல் ஹஸீபாவிடமே கொடுத்துவிடுவார். அன்றும் ஒன்றும் பேசவில்லை. பூஸியானின் தடியை மெல்ல வாங்கிச் சுவரில் சாய்த்தார், தன் நாற்காலியை எனக்கு நகர்த்தினார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். நினைத்த மூளையை இப்போதும் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

எழுத்து வகுப்பில் ஐந்து பெண்கள். அவர்களில் ஒருத்தி கெய்ரா. அவளுக்கு ஒரு காது முழுச் செவிடு, மற்றது பாதி. எல்லாக் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது என்பாள். தன் குரல் தனக்கே கேட்காததால் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துப் பேசுவாள். ஹஸீபாவுக்குத் தொண்டை போய்விட்டது. அப்போது தாயெப் தானாக முன்வந்தார். கெய்ராவுக்குச் சத்தம் போட வேண்டாம், எழுதிக் காட்டினால் போதும் என்று பலகையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு என்ன எழுதக் கத்துக்கணும்?" என்று சைகையில் கேட்டார்.

"என் மகன் பேரு," என்று கெய்ரா கத்தினாள். "ஜிலாலி. அது மட்டும் வந்தாப் போதும். மத்ததெல்லாம் அப்புறம்."

தாயெப் ஒரு நொடி பலகையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரின் முதல் அரபு எழுத்தான ஜீமை எழுதிக் காட்டினார். வளைந்த வயிறும் உள்ளே ஒரு புள்ளியும்.

"இது என்ன, பிள்ளத்தாச்சி எழுத்து மாதிரி இருக்கே!" என்றாள் கெய்ரா. பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த செவ்வாய் அந்த எழுத்தால் இரண்டு பக்கம் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

என்னைக் கெய்ரா அண்ணே என்பாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் என் வீட்டுக்கு ஒரு தட்டு குஸ்குஸ் அனுப்புவாள், மேலே ஆட்டுத் துண்டு வைத்து. இருபத்தைந்து வருடமாக அனுப்புகிறாள். அதை நான் தின்றதில்லை. என் மனைவி தின்பாள், பிள்ளைகள் தின்பார்கள், நான் வயிறு சரியில்லை என்பேன். ஏன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தம் இல்லை.

தொண்ணூற்றேழாம் வருடம் ரமலான். நான் சந்தைக்கும் மலைக் கிராமங்களுக்கும் இடையே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். நோன்பு திறக்கக் கால் மணி நேரம் இருந்தது. எல்லோருக்கும் வீடு போகிற அவசரம். ஐன் லூஸ் வளைவுக்கு முன்னால் ராணுவச் சீருடையில் நாலு பேர் கை காட்டினார்கள். நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் அவர்கள் காலைப் பார்த்தேன். பூட்ஸ் இல்லை. கான்வாஸ் ஷூ. ராணுவம் இல்லை, அரசாங்கத்தை எதிர்த்து மலையில் பதுங்கியிருந்தவர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டிரைவர்கள் முதலில் காலைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பிரேக்கில் கால் வைக்க வேண்டும். நான் பசியில் இருந்தேன். வரிசையை மாற்றிவிட்டேன்.

அடையாளக் கார்டுகளை எல்லாம் வாங்கினார்கள். முகத்தில் துணி சுற்றிய ஒருவன் படியில் நின்று படித்தான். கட்டை விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு கார்டாகத் தள்ளினான். ஊரை முதலில் படித்தான். கொஞ்சம் நிறுத்தினான். அப்புறம் பெயர். "ஐன் லூஸ்." மௌனம். "பென்ஸர்கா, மிலூத்." அந்த மௌனத்தில் பஸ்ஸுக்குள் யாரும் மூச்சு விடவில்லை. ஐன் லூஸ்காரர்கள் அரசாங்கத்திடம் துப்பாக்கி வாங்கிக் கிராமத்தைக் காவல் காத்தார்கள். அதற்கான கணக்கு அது. எட்டு ஆண்கள் இறக்கப்பட்டார்கள். ஜன்னலை ஒட்டியே, சாலை ஓரத்தில், மண்டி போட வைத்துக் கழுத்தை அறுத்தார்கள். மிலூத் ஆடு மாதிரி கத்தவில்லை. மனிதன் மாதிரி கத்தினான், தன் பெண் பிள்ளையின் பெயரைச் சொல்லி. என் முன் கண்ணாடியில் ரத்தம் தெறித்தது, நான் துடைப்பானைப் போட்டேன். பழக்கம். கை தானாகப் போட்டது.

ஜிலாலி என் பக்கத்து ஸீட்டில் இருந்தான். இருபது வயது. மடியில் ஒரு பொட்டலம் ஜிலேபி. வண்டி ஏறியதும் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தான். "வழியில பாங்கு சொல்லிட்டா நோன்பு திறக்க வச்சுக்குங்க மாமா" என்றான். கான்வாஸ் ஷூவைப் பார்த்ததும் கார்டை என் ஸீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டான். கேட்டபோது, தொலைந்துவிட்டது, டவுன்காரன் என்றான். நல்ல பொய். பின்னால் ஐன் லூஸ் பெண்களோடு இருந்த கெய்ரா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தப் பொய் நின்றிருக்கும். துப்பாக்கிக் கட்டையால் அவள் காதில் ஒரு இடி. செருப்புகளுக்கு நடுவே விழுந்தாள். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அவளுக்கு நினைவு போய்விட்டது.

கார்டு படித்தவன் என்னிடம் வந்தான். துப்பாக்கிக் குழாயை என் காதுக்குள் வைத்தான்.

"டிரைவர், உனக்கு எல்லாரையும் தெரியும். இவன் எந்த ஊரு?"

எனக்கு மூன்று பிள்ளைகள். அதெல்லாம் சாக்கு. வாய் தானாகச் சொன்னது என்றும் சொல்ல மாட்டேன். கை துடைப்பானைப் போட்டது பழக்கம். இது பழக்கம் இல்லை. நான் சொன்னேன்.

"ஐன் லூஸ்."

ஜிலாலி என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம்கூட இல்லை, புரியாத முகம். அவனை அங்கே அறுக்கவில்லை. மாவு மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று மலைக்கு இழுத்துப் போனார்கள். எட்டு உடல்கள் கிடைத்தன. ஒன்பதாவது கிடைக்கவே இல்லை. நான் கெய்ராவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். அதனால்தான் அந்தக் குஸ்குஸ். உயிரைக் காப்பாற்றிய அண்ணன்.

பிறகு மன்னிப்புச் சட்டம் வந்தது. மலையிலிருந்து இறங்கியவர்கள் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒரு தாள் வாங்கிக்கொண்டார்கள். தாள் வைத்திருப்பவனை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. நாங்களும் கேட்கவில்லை. ஒரே பேக்கரியில் ரொட்டி வாங்கினோம்.

கெய்ராவுக்கு மட்டும் ஒரே ஒரு ஆசை. மகனுக்கு ஒரு குழி, மேலே ஒரு கல், கல்லில் அவள் கையால் எழுதிய பெயர். கல்லை வாங்கியே வைத்துவிட்டாள். அவள் முற்றத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது, வெறுமையாக.

பிப்ரவரியில் ஹஸீபா ஒரு காரியம் செய்தாள். எங்களுக்கெல்லாம் நூலக அட்டை அடித்தாள். அழகாக இருக்க வேண்டும் என்று அரசாங்க அடையாள அட்டை மாதிரியே செய்திருந்தாள். போட்டோ, குடும்பப் பெயர், பெயர், பிறந்த ஊர், கீழே ஒரு முத்திரை. எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தாள். தாயெப்புக்குச் சளி சரியாகியிருந்தது. "ஸி தாயெப், உங்களுக்குத்தான் கண் நல்லா இருக்கு. படிங்க. பேர் சொன்னதும் எந்திரிச்சு வந்து வாங்கிக்கணும், கை தட்டுவோம்" என்றாள்.

அவர் தயங்கினார். அவள் அட்டைகளை மொத்தமாக அவர் கையில் திணித்தாள். அவர் கட்டை விரலை நாக்கில் தொட்டார்.

"வாதி ஸித்ரா." நிறுத்தினார். "மெஸியான், பூஸியான்."

யாரும் எழுந்திருக்கவில்லை. பூஸியான் தடியை இறுகப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, உங்களைத்தான்," என்றாள் ஹஸீபா சிரித்துக்கொண்டே. "வாங்க!"

"மகளே," என்றான் பூஸியான். அப்படி ஒரு மெல்லிய குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை. "எங்க வயசுக்காரங்க கார்டைப் பாத்துப் பேர் படிச்சா எந்திரிக்க மாட்டாங்க. நீ அப்போ பால் குடிச்சிட்டிருந்த. அட்டையை நீயே கொண்டு வந்து மடியில போட்ரு."

அவள் முகம் செத்துப்போனது. தாயெப் கையில் இருந்த அட்டைகளைப் பார்த்தபடி நின்றார், ஆனால் வாய் நிற்கவில்லை. மேலே இருந்த அட்டையைப் படித்துவிட்டார்.

"ஐன் லூஸ்." மௌனம். "ஹத்தாத், கெய்ரா."

என் இரண்டு கைகளும் முன்னால் நீண்டு ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தன. அங்கே ஸ்டியரிங் இல்லை. ஹீட்டரைப் பிடித்திருக்கிறேன். உள்ளங்கை வெந்தது. பூஸியான்தான் இழுத்துவிட்டான். கெய்ராவுக்கு எதுவும் கேட்கவில்லை. தாயெப் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து எழுந்தாள், சிரித்துக்கொண்டே போனாள், அவர் கையிலிருந்து அட்டையை வாங்கி முத்தமிட்டாள்.

அவர் கைகழுவப் போனபோது பின்னாலேயே போனேன். கதவைத் தாழிட்டேன். வெந்த கையால் அவர் பிடரியைப் பிடித்து முகத்தைக் குழாயில் மோதினேன். முன்பல் ஒன்று உடைந்து தொட்டியில் விழுந்தது. திரும்பி என் தொண்டையைப் பிடித்தார். முழங்காலால் என் வயிற்றில் இடித்தார். எனக்கு எழுபத்து நாலு. இரண்டு நிமிடத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு முடிந்துவிட்டது. ஈரத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து இரைத்தோம்.

"தெரிஞ்சுதானே அவ பக்கத்துல உக்காந்த," என்றேன். "தெரிஞ்சே அந்தப் பேரை எழுதிக் குடுத்த."

"பேரைச் சொன்னதும் தெரிஞ்சுது." வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினார். "எந்திரிச்சுப் போயிருக்கணும். போக முடியல."

"அவன் எங்கடா?"

"எங்கிட்ட தாள் இருக்கு லக்தர். நீ ஒண்ணும் கேக்க முடியாது."

உடைந்த பல்லைத் தொட்டியிலிருந்து எடுத்து அவர் வாய்க்குள் திணித்தேன். தாடையை அழுத்திப் பிடித்தேன். விழுங்கு அல்லது சொல் என்றேன். சொன்னார். பதினோரு நாள் மூட்டை தூக்கினானாம். பன்னிரண்டாம் நாள் ஓடப் பார்த்தானாம். முதுகில் சுட்டார்களாம். சுட்டது வேறு ஒருவனாம், குழி தோண்டியது இவராம். வன இலாகாவின் இடிந்த வீட்டுக்குப் பின்னால், உடைந்த தொட்டிக்கும் அத்தி மரத்துக்கும் நடுவே.

"போய்ச் சொல்லு," என்றார். சிரித்தார், ரத்தப் பல்லோடு. "சொல்லு. அவளுக்கு நானும் ஒண்ணு சொல்லுவேன். நான் படிச்சது கார்டுல இருந்ததை. கார்டுல இல்லாத ஊரை எனக்கு யாரு சொன்னது?"

நான் கதவைத் திறந்துவிட்டேன். நாங்கள் வழுக்கி விழுந்ததாக இருவரும் ஒரே மாதிரி சொன்னோம். ஹஸீபா தரை ஈரத்துக்காக மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்த நாலு செவ்வாயும் போனேன். போகாமல் இருந்தால் அவன் முந்திக்கொள்வான் என்ற பயம். இனி அவனுக்கு அவர் இவர் கிடையாது. அவனும் வந்தான், அதே பயம்தான். கெய்ராவின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் காவல் காத்தோம். அவள் நடுவில் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஜிலாலி, ஜிலாலி, ஜிலாலி. பெயர் முடிந்ததும் வீடு, ரொட்டி, மரம், மலை. சின்னச் சின்ன வாக்கியங்களைச் சத்தமாக எழுத்துக் கூட்டுவாள், ஊருக்கே கேட்கும். ஒருநாள் தன் நோட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாருண்ணே, கல்லுல வெட்டுற அளவுக்கு வந்துருச்சா?"

வந்துவிட்டது. அவ்வளவு நேரான எழுத்து என் பேரனுக்கும் வராது. நான் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். பூஸியான் பார்த்துவிட்டான். "இதுக்கு என் தடியே தேவலையேடா" என்றான்.

மார்ச் கடைசிச் செவ்வாய்க்கு ஹஸீபா எல்லோரையும் ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னாள். வாழ்க்கையில் ஒரு விஷயம், ஒரே ஒரு பக்கம். எழுத வராதவர்கள் சொல்ல, வருகிறவர்கள் எழுத வேண்டும். எல்லாவற்றையும் தைத்து அட்டை போட்டு அலமாரியில் வைப்பாளாம், மற்றப் புத்தகங்களோடு. நான் வீட்டில் ஆறு தாள் கிழித்துப் போட்டு ஏழாவதில் எழுதினேன். அவளிடம் வாயால் சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும். அந்த வார்த்தைகளைக் கத்த என்னிடம் நெஞ்சு இல்லை. அவளுக்குப் படிக்கத் தெரிந்த வார்த்தைகளாகப் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

"கெய்ரா, அன்று பஸ்ஸில் கார்டு படித்தவன் தாயெப். ஜிலாலி மலையில் இருக்கிறான். வன இலாகா வீட்டுக்குப் பின்னால், உடைந்த தொட்டிக்கும் அத்தி மரத்துக்கும் நடுவே. அவன் ஊரைச் சொன்னவன் நான். லக்தர்."

என் பெயரைக் கடைசியில் வைத்தேன். கோழைக்கு அப்படித்தான் எழுத வரும்.

அன்று மதியம் எல்லோரும் நல்ல உடை உடுத்தி வந்திருந்தார்கள். ஹஸீபா பேரீச்சம்பழ கேக் வைத்திருந்தாள். பூஸியான் தன் பக்கத்தில் ஒட்டகம் அறுப்பது எப்படி என்று எழுதி வந்திருந்தான். கெய்ராவின் பக்கம் முழுக்க ஒரே பெயர். அவள் முறை வருவதற்கு முன் என் தாளை அவள் கையில் வைத்தேன். தாயெப் வழக்கம்போல அவளுடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கா எழுதுனே?" என்றாள். சந்தோஷப்பட்டாள். விரலை வைத்து ஆரம்பித்தாள், சத்தமாக.

"கெய்... ரா. அன்... று. அன்று. பஸ்... பஸ்ஸில்."

டோமினோ மேஜையில் சத்தம் நின்றது.

"கார்... டு. கார்டு. படி... படித்தவன்."

அங்கே விரல் நின்றது. அடுத்த சொல்லின் முதல் அரபு எழுத்து அவளுக்குத் தெரியாது. அவன் அதை இன்னும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. இரண்டு மாதப் பழக்கம். தாளை அப்படியே அவன் பக்கம் திருப்பி, விரலை அந்த எழுத்தின் மேல் வைத்து, முகத்தை நிமிர்த்தினாள்.

"வாத்தியாரே, இது என்ன எழுத்து?"

அவன் படித்தான். உதடு அசையவில்லை. தாளைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. அவளது மணிக்கட்டை முறுக்கினான், எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. தாளின் மேல் மூலை கிழிந்து அவன் கையில் வந்தது. அதை வாயில் போட்டு மென்றான். எல்லோர் முன்னாலும் ஆடு மாதிரி மென்றான்.

நான் பூஸியானின் தடியைப் பிடுங்கித் தாயெப்பின் வாயிலேயே அடித்தேன். நாற்காலியோடு சாய்ந்தான். மார்பில் ஏறி உட்கார்ந்து இன்னொன்று போட்டேன், மூக்கு உள்ளே போனது. அவன் கேக் வெட்டும் கத்தியைத் தடவி எடுத்து என் தொடையில் குத்தினான். ஹஸீபா அலறினாள். பூஸியான் முதலில் இது நாற்காலிச் சண்டை என்று நினைத்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். பிறகு என்ன நடந்தது என்று அவனுக்கு உறைத்தது. கார்டு, பஸ், படித்தவன். அந்தக் கசாப்புக்காரன் தாயெப்பின் கத்தி பிடித்த கையை மிதித்து, அந்த மணிக்கட்டின் மேலேயே நின்றான்.

இத்தனைக்கும் நடுவே கெய்ரா ஒருமுறைதான் திரும்பிப் பார்த்தாள். தாயெப்பின் முகத்தைப் பார்த்தாள், வாயில் தாளைப் பார்த்தாள். அந்த எழுத்து என்ன என்று இனி யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு உட்கார்ந்தாள். முறிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் தாளை முழங்காலில் நீவி, விட்ட இடத்திலிருந்து படித்தாள். அவளுக்குச் சண்டை கேட்கவில்லை. அவள் குரல் மட்டும் எங்கள் எல்லோருக்கும் மேலே கேட்டது.

"ஜிலாலி. மலை... மலையில்... இருக்... கிறான்."

நான் அடித்தேன்.

"வீட்டு... வீட்டுக்குப்... பின்னால்."

அவன் என் தொடையிலிருந்த காயத்தில் விரலை விட்டுக் கிழித்தான். நான் அவன் கழுத்தைப் பிடித்தேன்.

"தொட்டி. மர... மரம். நடு... நடுவே."

கழுத்தை நெரித்தேன். கண்கள் வெளியே வந்தன. இன்னும் அரை நிமிடம் இருந்திருந்தால் முடித்திருப்பேன். மனதாரச் சொல்கிறேன், முடிக்க ஆசைப்பட்டேன்.

"அவன்... ஊரை. சொன்... சொன்னவன். நான். லக்... லக்தர்."

என் கை கழன்றது. பூஸியான் அந்த மணிக்கட்டின் மேல் நின்றபடியே என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் இருந்ததற்கு நான் தகுதியானவன். கெய்ரா கடைசி வரியை இன்னொரு முறை படித்தாள், இந்த முறை நிறுத்தாமல். இரண்டு மாதத்தில் அவள் ஒரு வரியை நிறுத்தாமல் படித்தது அதுதான் முதல் தடவை.

எழுந்து வந்தாள். தாயெப்பின் மேலே நடந்துதான் வந்தாள், அவன் அங்கே கிடப்பதையே பார்க்காமல். நான் மண்டியிட்டிருந்தேன். முறியாத கையை முழுசாக ஓங்கி என் இடது காதில் அறைந்தாள். மண்டைக்குள் ஏதோ வெடித்தது. கழுத்து வழியாகச் சூடாக ஒழுகியது. இன்னொரு முறை அறைந்தாள், அதே இடத்தில். குனிந்து அந்தக் காதுப் பக்கம் ஏதோ சொன்னாள். அவள் வாய் அசைவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அவள் எப்போதும் செய்வதுபோல நான் மற்றக் காதைத் திருப்பினேன்.

"வண்டி இருக்கான்னு கேட்டேன்," என்று கத்தினாள்.

"இருக்கு."

"எந்திரி. வெளிச்சம் இருக்கறப்பவே போகணும். மம்மட்டி என் வீட்டுல இருக்கு, கல்லையும் ஏத்திக்கலாம். இவனையும் ஏத்து. தோண்டுனவனுக்குத்தான் எடம் தெரியும்."

"உங்க கை உடைஞ்சிருக்கும்மா," என்று ஹஸீபா அழுதாள். "ஆஸ்பத்திரிக்கு..."

கெய்ராவுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் விட்டுவிட்டாள். நோட்டையும் என் தாளையும் இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பூஸியான் தாயெப்பின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான். தரையில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. என் தொடையை ஹஸீபா தன் தலைத்துணியால் இறுகக் கட்டினாள். முடிச்சு நன்றாக விழுந்தது. போலீஸுக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டாள். அவன் சட்டைப்பையில் தாள் இருக்கும் மகளே, என்றேன்.

தாயெப்பை என் வண்டியின் பின் ஸீட்டில் தள்ளினோம், அவன் பக்கத்தில் பூஸியான் தடியோடு. கெய்ரா சுற்றிக்கொண்டு வந்து முன் கதவைத் திறந்தாள், என் பக்கத்து ஸீட்டில் ஏறினாள். அன்று ஜிலாலி உட்கார்ந்த பக்கம். நான் சாவியைத் திருகினேன். வெந்த உள்ளங்கையில் ஸ்டியரிங் உறுத்தியது. முன்னே மலை தெளிவாக நின்றது, சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தது.

அவள் சாலையைப் பார்த்தபடியே, என் நல்ல காதுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"யாரு கை காட்டினாலும் சரி. இன்னைக்கு நிறுத்தாத."